கொரியாவில் யூசோங் எப்படிப்பட்ட பகுதி? பெண்ணைத் தனியாக அனுப்பலாமா?

அம்மாபேட்டை அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் பெண்ணுக்குக் கொரியாவில் கைஸ்ட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் கிளம்ப வேண்டும். கடிதத்தில் விலாசம் "யூசோங் கு, டேஜோன்" என்று போட்டிருக்கிறது. கொரியா என்றால் சியோல் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். யூடியூபில் தேடினால் ஒரு வீடியோவில் தெருவோர வெந்நீர்த் தொட்டியில் கால் நனைத்துக்கொண்டு பாட்டிமார் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்றில் வெறும் அடுக்குமாடி. மூன்றாவதில் மலை. இதில் எதுதான் யூசோங்?

போதாக்குறைக்கு என் நாத்தனார் வந்து, "அங்கே அணு உலை இருக்காமே" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் இல்லை. பெண் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவாள். அங்கே இருந்தவர்கள் யாராவது உள்ளபடி சொல்லுங்கள்.

நாகலூர்க்காரன்:

அக்கா, எனக்கு ஏற்காடு பக்கம் நாகலூர். யூசோங்கில் ஓர் ஆய்வகத்தில் சில வருடம் இருந்துவிட்டு இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறேன். நீளமாகத்தான் வரும், வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

டேஜோன் தனிப் பெருநகரம், சுமார் 14 லட்சம் மக்கள். சியோலிலிருந்து கேடிஎக்ஸ் என்ற அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம். நகரத்தை ஐந்து கு-வாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம் இருக்கிறதல்லவா, அது மாதிரி. ஆனால் அங்கே ஒவ்வொரு கு-வுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தலைவர் தனியாக உண்டு. ஐந்தில் பரப்பளவில் பெரியது யூசோங். நகரின் மேற்கும் வடமேற்கும் பெரும்பாலும் அதுதான். 1989இல்தான் தனி கு ஆனது.

நீங்கள் பார்த்த மூன்று வீடியோவும் உண்மைதான். கப்சோன் என்றொரு ஆறு ஓடுகிறது. அதைச் சுற்றி வேறு வேறு குணமுள்ள நாலைந்து ஊர்கள் யூசோங் என்ற ஒரே பெயரில் இருக்கின்றன.

பழைய யூசோங் என்றால் வெந்நீர் ஊற்றுப் பக்கம், போங்மியோங் டோங் (டோங் என்றால் கு-வுக்குள் இருக்கும் பேட்டை மாதிரி). அடிபட்ட கொக்கு ஒன்று பனிக்கு நடுவே சுடுநீரில் சிறகை நனைத்துக் குணமானதைப் பார்த்துத்தான் மனிதர்களும் குளிக்க ஆரம்பித்தார்கள் என்று கதை சொல்வார்கள். ஒரு காலத்தில் தேனிலவுக்கு வரும் இடமாம். 1915இல் ஆரம்பித்த யூசோங் ஹோட்டல் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. இப்போது அந்தத் தெருக்களில் உயரக் கட்டடங்களும் மதுக்கடைகளும்தான் பெருகுகின்றன. ஆனால் வீடியோவில் வந்த கால் நனைக்கும் தொட்டி இன்னும் இருக்கிறது, காசு கிடையாது. மெட்ரோவில் யூசோங் வெந்நீர் ஊற்று நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். ஜனவரியில் காது மரத்துப்போகிற குளிரில் முழங்கால்வரை சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது. பக்கத்தில் உட்காரும் பாட்டிமார், எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிடுவார்கள். நான் கொரிய மொழி பேசப் பழகியதில் பாதி அங்கேதான்.

இரண்டாவது, பெண் போகப்போகிற பக்கம். 1973இல் டேடோக் அறிவியல் நகரம் என்று அரசு திட்டம் போட்டு, வயலும் குன்றுமாக இருந்த இடத்துக்கு ஆய்வு நிறுவனங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. இப்போது விண்வெளி, மின்னணு, அணுசக்தி, உயிரியல், நிலவியல் என்று எல்லாமே அங்கே இருக்கின்றன. செயற்கைச் சூரியன் என்று செய்தியில் வருமே, அந்த கேஸ்டார் அணுக்கரு இணைவு இயந்திரமும் அங்கேதான். கைஸ்ட் 1971இல் சியோலில் தொடங்கி 1989இல் இங்கே இடம் மாறியது. கொரியாவின் முதல் செயற்கைக்கோள் 1992இல் பறந்தது, அதற்குப் பின்னால் இருந்தவர்கள் இந்தப் பல்கலையின் மாணவர்கள். அடுத்த வருடமே ஆற்றங்கரையில் பெரிய உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அதற்காகக் கட்டிய 93 மீட்டர் கோபுரம் இன்னும் நிற்கிறது. சுற்றியிருந்த இடத்தில் 2021இல் பெரிய வணிக வளாகம் வந்துவிட்டது.

நீங்கள் பார்த்த அடுக்குமாடி நோவுன், பான்சோக், தோவான் பக்கமாக இருக்கும். குடும்பம் குட்டியோடு இருப்பவர்கள் குடியிருக்கும் பகுதி, மாணவர்களுக்கு அங்கே வேலை இல்லை. 2002 உலகக் கோப்பையில் கொரியா இத்தாலியைத் தோற்கடித்த மைதானம் அந்த வழியில்தான். டாக்ஸி ஓட்டுநரிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள், நிறுத்தவே மாட்டார். மலை என்பது மேற்கே இருக்கும் கேரியோங்சான், தேசியப் பூங்கா. உச்சி 845 மீட்டர். நம்ம சேர்வராயனில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனால் பாறை, ஏறினால் மூச்சு வாங்கும்.

அணு உலை இருப்பது நிஜம். ஹனாரோ என்று பெயர், 1995இலிருந்து ஓடும் ஆராய்ச்சி உலை, 30 மெகாவாட். மின்சாரம் எடுக்க அல்ல, ஆய்வுக்கும் மருத்துவ ஐசோடோப்புக்கும். உள்ளூர் மக்களே அணுக்கழிவை ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு மல்லுக்கு நிற்பார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் இருப்பதே எனக்குத் தைரியமாக இருந்தது. கல்பாக்கத்தில் நம் சொந்தக்காரர்கள் குடியிருக்கவில்லையா? நாத்தனாரிடம் அதைக் கேளுங்கள்.

ஒரு குறை சொல்லிவிடுகிறேன். மெட்ரோ ஒரே வழித்தடம்தான், 22 நிலையம், அதுவும் கைஸ்ட் வாசலுக்கு வராது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வொல்பியோங்கில் இறங்கி பஸ்ஸோ சைக்கிளோ பிடிக்க வேண்டும். ட்ராம் வரப்போகிறது என்கிறார்கள், பெண் படித்து முடிப்பதற்குள் வருமா என்பது வேறு கதை. அதனால் முதல் வருடம் கண்ணை மூடிக்கொண்டு விடுதி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் வெளியே வந்தால் பல்கலையை ஒட்டிய ஓவுன் டோங். போங்மியோங் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், ராத்திரி சத்தம் தாங்காது.

குங் டோங் வாசி:

அக்கா, நான் இப்போது அங்கேதான் இருக்கிறேன், சுங்நாம் தேசியப் பல்கலையில். சொந்த ஊர் ஆத்தூர். நாகலூர் அண்ணன் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் ஓவுன் டோங்தான் என்று அடித்துச் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் குங் டோங்கும் பக்கத்திலேயே இருக்கிறது, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேச மாணவர்கள் நிறைய. ஆசியக் கடைகளில் பருப்பு, மசாலா, நீள அரிசி எல்லாம் கிடைக்கும்.

சாப்பாடுதான் உண்மையான பிரச்சினை. சைவம் என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் குழம்பில் கொண்டுவந்து வைப்பார்கள். ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளும் கிம்சியில்கூடப் பெரும்பாலும் மீன் சாறோ இறால் ஊறலோ இருக்கும். விடுதி அறைக்குள் சமைக்க விட மாட்டார்கள். அதனால்தான் எங்களில் பலர் சீக்கிரமே விடுதியைக் காலி செய்கிறோம். ஒற்றை அறை வீட்டில் அடுப்பு, வாஷிங் மெஷின், தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்ச் சூடு எல்லாம் இருக்கும். முன்பணம்தான் மில்லியன் வோன் (வோன் கொரியப் பணம்) கணக்கில் கேட்பார்கள், அதை இப்போதிலிருந்தே யோசித்து வையுங்கள்.

காய்கறிக்கு 4, 9 என்று முடியும் தேதிகளில் ஜாங்டே டோங்கில் கூடும் சந்தைக்குப் போகச் சொல்லுங்கள். கீரை, காய்ந்த மிளகாய், பூண்டு எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். ஆத்தூர்ச் சந்தையில் அம்மாவோடு அலைந்த எனக்கு அங்கே போனால்தான் மனசு ஆறும். ராத்திரி ஆய்வகத்திலிருந்து பன்னிரண்டு மணிக்கு நடந்து வருகிறேன், இதுவரை பயந்ததில்லை.

மேட்டூர் டேம்:

நான் சியோலில் இருக்கிறேன். டேஜோனா? கொரியாக்காரர்களே சலிப்பு ஊர் என்று கிண்டல் அடிப்பார்கள். ஒரு ரொட்டிக் கடையைத் தவிர பார்க்க ஒன்றும் இல்லை. வாரக் கடைசியில் பிள்ளை என்ன செய்யும்?

நாகலூர்க்காரன்:

தம்பி, அந்த ரொட்டிக் கடையின் தலைமைக் கடை யூசோங்கிலேயே இல்லை, ஜுங் கு-வில் இருக்கிறது. வாரக் கடைசியில் என்ன செய்வாள்? தாஷு என்று நகரத்தின் பொது வாடகை சைக்கிள் உண்டு, முதல் ஒரு மணி நேரம் இலவசம், கப்சோன் கரையில் ஓட்டுவாள். ஏப்ரலில் கைஸ்ட்டுக்குள் செர்ரி பூத்தால் ஊரே அங்கே வந்து படம் எடுக்கும். சியோலில் நீங்கள் கொடுக்கிற வாடகைக்கு இங்கே வெளிச்சமான அறையே கிடைக்கும். படிக்கப் போகிற பிள்ளைக்குச் சலிப்பு ஊர்தான் லாபம்.

அம்மாபேட்டை அம்மா:

ரொம்ப நன்றி தம்பிகளா. வீட்டுக்காரர் ரெண்டு தடவை படித்தார். கடைசியாகக் கேட்கிறேன்: விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது? கையில் என்ன கொடுத்துவிடலாம்? மாம்பழம், தட்டுவடை, மிக்ஸி?

குங் டோங் வாசி:

சியோலுக்குள் போகவே வேண்டாம் அக்கா. இன்சோன் விமான நிலையத்திலிருந்து டேஜோனுக்கு நேர் பஸ் உண்டு, சுமார் மூன்று மணி நேரம். கூகுள் மேப்பை மட்டும் நம்பி வர வேண்டாம், நேவர் மேப்பை இங்கேயே இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வந்து 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், தள்ளிப்போட வேண்டாம்.

மாம்பழம் கூடவே கூடாது, பதப்படுத்தாத பழங்களை விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். இறைச்சி வகையும் அப்படித்தான். தட்டுவடை தாராளமாகக் கொடுங்கள், தட்டுவடை செட்டுக்கு வேண்டிய கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாம் இங்கே கிடைக்கும், சட்னி மட்டும் அவளே அரைத்துக்கொள்ள வேண்டும். மிக்ஸி 220 வோல்ட்டில் ஓடும், ஆனால் நம்ம மூன்று முள் பிளக் இங்கே பொருந்தாது, அடாப்டர் ஒன்று வாங்கி வையுங்கள். கனமான ஜாக்கெட் சேலத்தில் தேடி அலைய வேண்டாம். இங்கே நவம்பரில் வாங்கினால்தான் இந்தக் குளிருக்குத் தாங்கும்.