அறை வெப்பத்தில் சரி, குளிரில் பிழை: பிரிட்ஜ் சென்சர் திருத்திய அனுபவங்கள்

கொக்குவிலில் இருந்து

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி மேலே உறைகுளிர் அறையும் கீழே சாதாரண அறையுமாக இரண்டு கதவுகள் கொண்டது. ஐஸ் தானாக உருகி வடிந்துவிடும் வகை. சென்ற மாரி தொடங்கிய கையோடு கீழறையில் வைத்த வெண்டிக்காயும் முருங்கையிலையும் விறைக்கத் தொடங்கின. குளிர் அளவைக் குறைத்து வைத்தோம், பலன் இல்லை. கொம்பிரசர் இரவு பகலாக ஓடியது, மின் பட்டியலில் அந்த மாதம் ஏறத்தாழ 30 அலகு கூடியது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த நாங்கள், அம்மாவின் இன்சுலின் குப்பி ஒரு காலையில் உறைந்து கிடந்ததைக் கண்ட பிறகுதான் விழித்துக்கொண்டோம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். ஒரு தடவை உறைந்துவிட்டால், உருகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அன்று முழுக் குப்பியையும் எறிந்தோம்.

முதலில் வந்த திருத்துநர் கொம்பிரசர் நிற்காமல் ஓடுவதைக் கேட்டதும், "காஸ் குறைஞ்சு போச்சுது ஐயா, நிரப்ப வேணும்" என்றார். எனக்கு அது பொருந்தவில்லை. காஸ் குறைந்தால் குளிர் குறைய வேண்டும். எங்கள் பெட்டியிலோ குளிர் எல்லை மீறியிருந்தது. அத்துடன் இந்தக் காஸ் ஓடித் தீர்ந்து போகிற எரிபொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, எங்கேனும் கசிவு ஏற்பட்டாலொழியக் குறையாது. எங்கள் பெட்டியில் உள்ளதோ ஆர் 600ஏ என்னும் தீப்பற்றக்கூடிய வாயு. காரணம் உறுதியாகாமல் அந்தக் குழாயை வெட்டித் திறக்க நான் உடன்படவில்லை.

இரண்டாமவர் கவனமானவர். கீழறையின் பிளாஸ்திக் மூடியைக் கழற்றி, அறையின் வெப்பத்தை உணரும் சென்சரை வெளியே எடுத்து, மல்ரிமீற்றரால் அளந்து, "சென்சர் நல்லாத்தான் இருக்கு, போட்தான் பிழை" என்று சொன்னார். போட் என்பது சென்சர் சொல்வதைக் கேட்டுக் கொம்பிரசரை ஓடவிட்டு நிறுத்தும் மின்சுற்றுப் பலகை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், மின்சாரம் போய்ப் போய் வந்ததில் பழுதான போட்டுகளை அவர் நிறையவே பார்த்திருப்பார். ஆனால் புதிய போட் ஒன்றின் விலை சென்சரின் விலையைப் போலப் பல மடங்கு என்பதால், இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு நானே பார்க்கத் தொடங்கினேன்.

முதல் வேலையாக ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டுக் கீழறையின் நடுத்தட்டில் ஓர் இரவு வைத்தேன். கதவைத் திறந்தவுடன் காற்றின் வெப்பம் மாறிவிடும், நீரின் வெப்பம் மாறாது என்பதற்காகவே குவளை. காலையில் நீரின் மேல் ஐஸ் ஆடை படர்ந்திருந்தது. போட் கொம்பிரசரை நிறுத்தியிருக்க வேண்டிய கட்டம் எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே ஒன்றில் போட்டுக்கு உண்மை போய்ச் சேரவில்லை, அல்லது போய்ச் சேர்ந்தும் அது செயற்படவில்லை.

இந்தச் சென்சர் தெர்மிஸ்ரர் என்று சொல்லப்படும் சிறு குமிழ். சூடு கூடினால் அதன் மின்தடை குறையும், குளிர் கூடினால் தடை கூடும். எங்கள் பெட்டிக்குரியது 25 பாகையில் 10 கிலோ ஓம், பீற்றாப் பெறுமானம் (வெப்பம் மாறும்போது தடை எவ்வளவு விரைவாக மாறும் என்பதைக் காட்டும் எண்) 3950. அந்த வகை நல்ல நிலையில் இருந்தால் 30 பாகையில் ஏறத்தாழ 8, 4 பாகையில் 27, 0 பாகையில் 33 அல்லது 34, உறைகுளிர் அறையின் சைபருக்குக் கீழ் 18 பாகையில் 90 சொச்சம் கிலோ ஓம் காட்ட வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, சென்சரின் இரு வயர்களையும் போட்டிலிருந்து பிரித்து, நம் ஊர்ச் சூட்டில் அளந்தபோது 7 காட்டியது. எட்டுக்குப் பதிலாக ஏழு. யாரும் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

அதன் பின் ஐஸ் சோதனை செய்தேன். ஒரு குவளை நிறைய நொறுக்கிய ஐஸ் இட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றிக் கிளறினால் அந்தக் கலவை 0 பாகையில் நிற்கும். இதற்கு வெப்பமானி கூடத் தேவையில்லை. சென்சரை மெல்லிய பொலித்தீன் உறையில் இட்டு அதற்குள் அமிழ்த்தினேன், வெளிநீர் அளவீட்டைக் கெடுத்துவிடக் கூடாது அல்லவா. மீற்றரின் இரு முனைகளையும் விரல்களால் தொடாமல் பிடிப்பதும் முக்கியம், ஏனெனில் நம் உடலின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தபோது 33 இருக்க வேண்டிய இடத்தில் 21 நின்றது.

ஈரம் குமிழுக்குள் புகுந்திருந்தது. ஈரம் இரு வயர்களுக்கும் நடுவே தனியாக ஒரு கசிவு வழியைத் திறந்துவிடுகிறது. எங்கள் சென்சரில் அதன் தடையைக் கணக்கிட்டால் 56 கிலோ ஓம் அளவில் வருகிறது. சென்சரின் தடை 8 ஆக இருக்கும்போது 56 இன் கசிவு பெரிதாகத் தெரியாது. சென்சர் 33 ஆகும்போது அதே கசிவு அளவீட்டில் மூன்றிலொரு பங்கைத் தின்றுவிடுகிறது. அதனால் கீழறை உண்மையில் 4 பாகையில் இருக்கும்போது போட் அதை 12 பாகை என்று எண்ணிக் கொம்பிரசரை ஓடவிடுகிறது. போட்டுக்கு 4 பாகை என்று தெரிய வேண்டுமானால் அறை சைபருக்குக் கீழே 8 பாகைக்குப் போக வேண்டும். இன்சுலின் உறைந்தது இதனால்தான். சோதிக்கும் ஆசையில் சென்சரை ஒரு பகல் முழுதும் நல்ல வெயிலில் காயவிட்டு மறுபடி ஐஸில் இட்டேன். 30 காட்டியது. மூன்று நாளில் மீண்டும் இறங்கிவிட்டது. போட்டில் எந்தப் பிழையும் இருக்கவில்லை.

புதிய சென்சரைப் பொருத்துவது சிறிய வேலை என்றாலும் வயர் இணைப்பில் நான் மிகுந்த நேரம் செலவிட்டேன். ஈயம் பற்றவைத்து, ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாகச் சுருங்கு குழாய் போட்டு, அதன் மேல் சிலிக்கன் பூசி, இணைப்பை மூடிக்குப் பின்னால் வைக்காமல் நீர் வடியாத பக்கத்துக்கு இழுத்துக் கட்டினேன். இப்போது குவளை நீர் 4 பாகையில் நிற்கிறது.

பருத்தித்துறையில் இருந்து

வயர் இணைப்பைப் பற்றிக் கொக்குவில் அன்பர் சொன்னதை என் அனுபவத்தால் வலியுறுத்த விரும்புகிறேன். எங்கள் வீட்டில் சென்சரை மாற்றியவர் வயரை முறுக்கி, மேலே கறுப்பு ரேப் மட்டும் சுற்றிவிட்டுப் போனார். கடற்கரையோரம் குடியிருக்கிறோம், உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஒரு மாரி கழிவதற்குள் இணைப்பு பச்சை பிடித்துவிட்டது.

ஆனால் எங்களுக்கு வந்த குறி அவருடையதற்கு நேர்மாறானது. களிம்பு ஏறிய இணைப்பு சென்சரின் தடையோடு தன் தடையையும் கூட்டிக்கொள்கிறது. போட் "போதிய குளிர் வந்துவிட்டது" என்று எண்ணிக் கொம்பிரசரை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது. சில நாள் 20 கிலோ ஓம் கூடியிருக்கும், சில நாள் 60 கூட. 60 கூடினால் உறைகுளிர் அறை 0 பாகையிலேயே நின்றுவிடும். விடியப்புறம் கரையில் வாங்கித் துண்டு போட்டு வைத்த பாரை மீன் முழுவதும் மணத்துப் போன பிறகே கண்டுகொண்டோம். இந்தப் பிழையை ஐஸ் சோதனையில் தவறவிடலாம், ஏனெனில் சென்சர் குமிழ் நன்றாகவே இருக்கும். மீற்றரைப் போட்டுப் பக்கத்துச் செருகியில் வைத்துக்கொண்டு வயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் இணைப்பில்தான் பிழை.

சாவகச்சேரியில் இருந்து

எங்களுடையது மூன்றாவது வகை. மேலறை நன்றாக உறைகிறது, கீழறை மட்டும் வெதுவெதுப்பு. பெட்டியை ஒரு நாள் அணைத்துக் கதவைத் திறந்துவிட்டால் பத்து நாள் ஒழுங்காக வேலை செய்யும், பிறகு பழையபடி. மேலறையின் பின்பக்கத் தகட்டைக் கழற்றியபோது குளிர்க்குழாய்கள் ஒரே ஐஸ் பாளமாக இருந்தன; காற்று கீழே இறங்க வழியில்லை.

இவ்வகைப் பெட்டிகளில் பல மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஹீற்றர் ஒன்று சூடேறி அந்த ஐஸை உருக்க வேண்டும். ஹீற்றரை அளந்தேன், 300 ஓமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 230 வோல்ற்றில் 180 வாற்றளவு எடுக்கும் ஹீற்றருக்கு அது சரியான அளவு. வெப்ப பியூசும் அறுந்திருக்கவில்லை. குழாயில் கவ்வியிருக்க வேண்டிய சென்சரைத் தேடியபோது, அதன் கவ்வி கழன்று சென்சர் ஹீற்றருக்கு அருகே தொங்கிக்கொண்டிருந்தது. ஹீற்றர் சூடேறிய சிறிது நேரத்திலேயே சென்சரும் சூடாகிவிட, ஐஸ் உருகி முடிந்தது என்று போட் நம்பி ஹீற்றரை நிறுத்தியிருக்கிறது. சென்சரை ஐஸில் இட்டு அளந்தேன். எந்தக் குறையும் இல்லை. குழாயில் மீண்டும் கவ்விவிட்டேன், வேறொன்றும் செய்யவில்லை. அந்தத் தகட்டைக் கழற்றும்போது ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள். அலுமினியக் குழாய் ஓட்டையானால் முழுப் பெட்டியும் போய்விடும்.

சுன்னாகத்தில் இருந்து

எல்லாப் பழியையும் சென்சர் மேல் போட்டுவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எங்கள் பெட்டியிலும் கொம்பிரசர் நிற்காமல் ஓடியது. ஐஸ் சோதனையில் சென்சர் சரியாகவே இருந்தது. தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது குளிர்க்குழாயின் தொடக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் உறைபனி, மீதி முழுவதும் காய்ந்திருந்தது. பின்புறம் ஒரு பொருத்தில் எண்ணெய்க் கறையும் கண்டோம். அது உண்மையான காஸ் கசிவு. அனுபவமுள்ளவரை அழைத்துக் கசிவை அடைத்த பின்பே நிரப்பினோம்.

மீண்டும் கொக்குவிலில் இருந்து

சுன்னாகத்து அன்பர் சொல்வது மிகச் சரி. ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: அவர் பெட்டியில் கொம்பிரசர் ஓடியும் குளிர் வரவில்லை, எங்கள் பெட்டியில் ஓடிக் குளிர் மிஞ்சியது. குவளை நீரை ஓர் இரவு வைத்துப் பார்த்தாலே இவ்விரண்டும் பிரிந்துவிடும்.

தனித் தகவலில் ஒருவர், பெட்டியின் சென்சர் எந்த வகை என்று எழுதப்படவில்லை, பழையதோ பழுதாகிவிட்டது, புதியதை எப்படித் தெரிவு செய்வது என்று கேட்டிருந்தார். கடையில் "பிரிட்ஜ் சென்சர்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டுவதும் இருக்கிறது, 5 காட்டுவதும் இருக்கிறது, 2.7 காட்டுவதும் இருக்கிறது. வகை மாறினால் பெட்டி முதல் நாளே தவறாக ஓடும். பெரும்பாலும் ஒரே பெட்டியில் உள்ள சென்சர்கள் ஒரே வகையாக இருக்கும். ஆகவே பழுதாகாத மற்றச் சென்சரைப் பிரித்து ஐஸ் கலவையில் அளந்து பாருங்கள்: 33 அளவில் வந்தால் எங்கள் வகை, 8 அல்லது 9 அளவில் வந்தால் 2.7 வகை, 16 அல்லது 17 வந்தால் 5 வகை. 27 வந்தால், அதுவும் 10 கிலோ ஓம் வகைதான், ஆனால் பீற்றாப் பெறுமானம் 3435 அளவில் உள்ளது. அதன் இடத்தில் 3950 ஐப் போடக் கூடாது. வாங்கிய புதியதையும் பொருத்துவதற்கு முன் அதே குவளையில் ஒரு தடவை இட்டுப் பார்த்துவிடுங்கள்.