நித்தியகல்யாணி: புழு கடித்த இலையில் சத்து அதிகமா?

கரிசல்காட்டான்:
சாத்தூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் நித்தியகல்யாணி போட்டிருக்கிறேன். ஆடு மாடு வாய் வைக்காது, அதனால்தான். இலை பார்க்க வந்த வியாபாரி, புழு கடித்த செடியில்தான் மருந்துச் சத்து அதிகம் என்றார். விலை பேசும்போது மட்டும் அதே இலையைக் கழித்துப் போட்டார், அது வேறு கதை. எம்.எஸ்சி. படிக்கும் தங்கை மகனோ, "மாமா, ஜாஸ்மோனேட் தெளித்தால் சத்து கூடும்" என்கிறான். தெளிக்கலாமா?

சோதனைக்குழாய்:
இந்தச் செடியோடு ஆய்வகத்தில் நாலு வருடம் மாரடித்தவள் நான். வியாபாரி சொன்னதில் விஷயம் இருக்கிறது அண்ணா. புழு கடித்ததும் இலைக்குள் ஜாஸ்மோனேட் ஹார்மோன் ஊறும். மற்ற நேரத்தில் 'ஜாஸ்' என்ற புரதங்கள் எம்.ஒய்.சி.2 என்ற இன்னொரு புரதத்தை அமுக்கிப் பிடித்திருக்கும். ஹார்மோன் வந்ததும் செடியே ஜாஸை அழித்துவிடும். பிடி விட்ட எம்.ஒய்.சி.2 போய் ஓர்கா3 மரபணுவை முடுக்கும். அது ஆல்கலாய்டைச் (வியாபாரி சொன்ன மருந்துச் சத்து அதுதான்) செய்யும் நொதிகளின் மரபணுக்களை எழுப்பிவிடும்.

ஓர்கா3-ஐ 2000-ல் அறிவித்தவர்கள் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார். வளர்ப்புச் செல்களில் அதை மட்டும் தூக்கலாக வேலை செய்ய வைத்தார்கள். ஆல்கலாய்டு கூடவில்லை. லோகனின் என்ற மூலப்பொருளை ஊட்டிய பிறகுதான் கூடியது. அடுப்பு எரிந்தது, உலையில் அரிசி இல்லை!

கரிசல்காட்டான்:
அப்போ தெளித்தால் அரிசியும் வருமா?

சோதனைக்குழாய்:
ஹார்மோன் நேராக வந்தால் அந்த அரிசிக்கான மரபணுக்களும் விழிக்கும். ஆனால் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்கு கேதரான்தின், வின்டோலின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகளும் சேர வேண்டும். வின்டோலினின் கடைசிப் படிகளுக்கு வெளிச்சமும் இலையின் சில தனிச் செல்களும் தேவை. 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை என்று சொல்வது சும்மா இல்லை.

நாங்கள் தொட்டிச் செடிகளில் அந்த ஹார்மோனின் ஒரு வடிவமான மெத்தில் ஜாஸ்மோனேட் அடித்துப் பார்த்தோம். புட்டியைத் திறந்தாலே பிச்சிப்பூ வாசம். முதலில் பிரித்தெடுத்ததே அந்தப் பூவின் எண்ணெயிலிருந்துதான். ஆனால் செடி வளர்வதை நிறுத்தி, கீழ் இலைகளை மஞ்சளாக்கிவிட்டது. உங்களுக்கு எடைக்குத்தானே காசு? புட்டி விலையும் கட்டாது.

கரிசல்காட்டான்:
சரி தங்கச்சி, தெளிக்கவில்லை. வியாபாரி வேரையும் இப்போதே கேட்கிறார், நட்டு ஆறு மாதம்தான் ஆகிறது.

சோதனைக்குழாய்:
கொடுக்காதீர்கள். வேரில் இருப்பது அஜ்மாலிசின், ரத்த அழுத்த மருந்துக்குப் போகிறது. ஒரு வருடம் முடியட்டும், அதுவரை இலையை மட்டும் எடுங்கள். அப்புறம், ஓட்டை விழுந்த இலையைத் தனியாகக் கட்டி, "சத்து அதிகம்" என்று அவர் சொன்னதையே சொல்லி விலை கேளுங்கள்.