சமுதாய வானொலியில் தண்ணீர் நிகழ்ச்சி: யாராவது கைகொடுங்கள்

குழுவினருக்கு வணக்கம். பெருந்துறைப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் தன்னார்வலராக இருக்கிறேன். குடிதண்ணீர், சுகாதாரம் பற்றி வாரம் ஒரு கால்மணி நேர நிகழ்ச்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். 100 வாட் நிலையம். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத்தான் எட்டும். அதனால் ஊர்ப்பெயர் சொல்லியே பேசலாம். எனக்குப் பிடித்ததே அதுதான்.

"கை கழுவுங்கள்" என்று உபதேசம் செய்தால், வானொலியை அணைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விடுவார்கள். எங்கள் சிக்கல் வேறு. ஆற்றுத் தண்ணீர் தினமும் வருவதில்லை. டிரம்மில் பிடித்து வைக்கிறோம். மூடாத டிரம்மில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்குக் கொசு உருவாகிவிடும். சுத்தமாக வந்த தண்ணீரிலும் கையை விட்டு மொண்டால் கிருமி சேரும். போர் தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் ஃபுளோரைடும் போகாது. இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்!

எனக்கு வேண்டியது: குழாயடியில் குளோரினைச் சோதித்து, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது ஏன் மிஞ்ச வேண்டும் என்று எளிமையாகப் பேசக்கூடிய டேங்க் ஆபரேட்டர் யாராவது. மாமியார், மருமகள் உரையாடலைக் கொங்குப் பேச்சில் எழுதித் தருபவர் கிடைத்தால் இன்னும் நல்லது. என் வசனங்கள் அரசு அறிவிப்புப் போல இருக்கின்றன. தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்கள் எந்த நேரத்தில் வானொலி கேட்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். கழிப்பறை பற்றிய பகுதிக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை, யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள்.