மேக்பெத்: பழி சூனியக்காரிகள் மேலா, அவன் ஆசை மேலா?

மேடைவிளக்கு:
கல்லூரியில் இந்த வருடம் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகம் பாடம். இரண்டு முறை படித்தும் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். மேக்பெத் போரில் ஜெயித்து வந்தவன், ராஜா டங்கனுக்குச் சொந்தக்காரன், புதுப் பட்டம் வேறு கிடைத்தாயிற்று. அப்படிப்பட்டவன் தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து தூங்குகிற மனுஷனைக் குத்திக் கொல்கிறான். இதற்கு அவன் பேராசை மட்டும் போதுமா, இல்லை சூனியக்காரிகள் வாக்கும் மனைவி தூண்டுதலும்தான் காரணமா? வகுப்பில் பாதிப் பேர் "பாவம், விதி" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பழைய வாசகன்:
ஒப்பவே வேண்டாம். சூனியக்காரிகள் "ராஜா ஆவாய்" என்றதோடு சரி, கொல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சக தளபதி பாங்க்கோவுக்கும், அவன் வம்சம் அரசாளும் என்று வாக்குக் கிடைத்தது, அவன் யாரையும் குத்தப் போகவில்லையே! மேக்பெத்துக்கோ பட்டம் கிடைத்த செய்தி காதில் விழுந்த நிமிஷமே கொலை நினைப்பு வந்து மயிர் சிலிர்க்கிறது. மனைவி அதுவரை மேடைக்கே வரவில்லை. முதல் அங்கம் ஏழாம் காட்சியைப் பாருங்கள். நான் டங்கனின் உறவினன், அவருடைய குடிமகன், விருந்து கொடுக்கும் வீட்டுக்காரன், கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டியவனே நான்தான் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, தன்னை முடுக்குவது பேராசை ஒன்றுதான், அதுவும் எகிறிக் குதித்து மறுபக்கம் விழுகிற பேராசை என்று தன் வாயாலேயே சொல்கிறான். இவ்வளவும் தெரிந்தே போய்ச் செய்கிறான்.

அப்புறம் இரண்டாம் அங்கம். கொலையை மேடையில் காட்டவே இல்லை, முடித்துவிட்டு வருகிறவனைத்தான் பார்க்கிறோம். காவலாளிகள் பக்கத்தில் போட்டுவிட்டு வர வேண்டிய கத்திகளை மறந்துபோய்க் கையிலேயே கொண்டு வந்திருக்கிறான், திரும்பப் போய் வைக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறான். அப்போதும் அவன் புலம்புவது மாட்டிக்கொள்வோமோ என்றல்ல, யாரோ "கடவுளே காப்பாற்று" என்றபோது தனக்கு "ஆமென்" ஏன் தொண்டையில் சிக்கியது என்றுதான். கிரீடம் தலைக்கு வருமுன்னே தூக்கம் போயிற்று. ஆசைப்பட்டது கிடைக்காமல் அழிந்தவன் இல்லை இவன், கிடைத்து அழிந்தவன்.

தாழம்பூ:
மனைவி தள்ளினாள் என்பது உண்மைதான், ஆனால் அவளாலும் குத்த முடியவில்லை, தூங்கும் டங்கன் தன் அப்பா மாதிரி இருந்தார் என்கிறாள். எனக்கு அதைவிட வலிப்பது மூன்றாம் அங்கம். டங்கனைக் கொல்ல இருவரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். பாங்க்கோவைக் கொல்ல ஆள் அனுப்பும்போது "உனக்குத் தெரிய வேண்டாம்" என்கிறான். அதற்குப் பிறகு அவள் தனி ஆள்தான், ராத்திரி மெழுகுவர்த்தியோடு நடந்து இல்லாத ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

ஏட்டுச்சுவடி:
ஒரு தகவல். நிஜ மேக்பெத் 1040-இல் டங்கனைப் போரில் வீழ்த்தி 17 வருடம் ஸ்காட்லாந்தை ஆண்டவர். தூங்குகிற விருந்தாளி, கத்தி எல்லாம் அந்த டங்கனின் வரலாற்றில் கிடையாது. அதனால் விதி, சரித்திரம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார்.

மேடைவிளக்கு:
எல்லோருக்கும் நன்றி. "ஆமென்" இடத்தை இப்போது மறுபடி படித்தேன், கை நடுங்கிவிட்டது. நாளை வகுப்பில், மேக்பெத்தை எதிர்க்கும் பிரபு மேக்டஃப்பின் காட்சியைச் சத்தமாக வாசிக்கப் போகிறேன். மனைவி மக்களை மேக்பெத்தின் ஆட்கள் கொன்ற செய்தி கேட்டு, புரியாதவன் மாதிரி அவன் திரும்பத் திரும்பக் கேட்பானே, "எல்லாக் குஞ்சுகளையுமா? எல்லாரையுமா சொன்னாய்?" என்று, அந்த இடம்.