தெற்கு வீதி வீடு: சனிக்கிழமை இரவு

*செழியன், 8:04*
எல்லோருக்கும் ஒரு செய்தி. வாரச் செய்திகளைக் கேலியாகச் சொல்லும் எங்கள் கல்லூரி மேடை நிகழ்ச்சி ‘வாரச் சுற்று’ நின்றுவிட்டது. ஐந்தாவது வாரம் மேடை ஏறவே இல்லை. நேற்று மாலை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

*வசந்தா அத்தை, 8:05*
என்னப்பா ஆயிற்று? போன வாரம்கூட வீடியோ அனுப்பினாயே. செய்தி வாசித்த பெண்ணைப் பார்த்து நானும் மாமாவும் எவ்வளவு சிரித்தோம் தெரியுமா?

*செழியன், 8:07*
அதுதான் கடைசி, அத்தை. கல்லூரிப் பேருந்து நேரத்துக்கு வராததை அதில் சொல்லியிருந்தோம். சிரிப்பதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள்.

*மீனா சித்தி, 8:08*
நான் அப்போதே சொன்னேன். படிக்கப் போன இடத்தில் படிப்பை மட்டும் பார் என்று. யார் கேட்கிறார்கள்?

*பெரியப்பா, 8:10*
கொஞ்சம் பொறு, மீனா. செழியா, பேருந்தைப் பற்றி நீங்கள் சொன்னது காதில் விழுந்ததா, கண்ணால் பார்த்ததா?

*செழியன், 8:11*
பன்னிரண்டு நாள் நிறுத்தத்தில் நின்று எழுதினேன், பெரியப்பா. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

*செழியன், 8:12*
📷 படம்

*பெரியப்பா, 8:19*
கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம் என்று மூன்று பத்தி போட்டிருக்கிறாய். ஒன்பதாவது நாளுக்கு எதிரே ‘கனமழை, கணக்கில் சேர்க்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகவே உன் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் பத்திரிகையில் புரூஃப் பார்த்தவன் சொல்கிறேன், இந்த நியாயம் பெரிய பெரிய நிருபர்களுக்கே வாய்க்காது.

*கயல்விழி, 8:24*
இப்போதுதான் நூலகத்திலிருந்து வெளியே வந்தேன். இங்கே இன்னும் மதியம்தான். தம்பி, நீ வருத்தப்படுகிறாய் என்று தெரிகிறது. நான் இந்த மாதம் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பதே இப்படி நின்றுபோன ஒரு நிகழ்ச்சியைப் பற்றித்தான். சொல்லட்டுமா?

*வசந்தா அத்தை, 8:25*
முதலில் சாப்பிட்டாயா என்று சொல்.

*கயல்விழி, 8:25*
சாப்பிட்டுவிட்டேன், அத்தை. எலுமிச்சைச் சாதம்.

*செழியன், 8:26*
சொல்லுங்கள், அக்கா.

*கயல்விழி, 8:33*
பெயர் ‘தட் வாஸ் தி வீக் தட் வாஸ்’. போன வாரம் இப்படிப் போயிற்று என்று நம் வழக்கில் சொல்லலாம். பிபிசி தொலைக்காட்சியில் 1962 நவம்பர் 24 அன்று தொடங்கியது. சனிக்கிழமை பின்னிரவில், நேரடி ஒளிபரப்பு. நெட் ஷெரின் என்பவர் தயாரிப்பாளர். டேவிட் ஃப்ராஸ்ட் என்ற 23 வயது இளைஞர் கையில் எழுதும் அட்டையோடு வந்து நடத்துவார். மில்லிசென்ட் மார்ட்டின் தொடக்கப் பாட்டைப் பாடுவார். மெட்டு மாறாது, அந்தந்த வாரத்துச் செய்திக்கேற்ப வரிகள் மாறும். டிமத்தி பேர்ட்சால் என்ற கார்ட்டூனிஸ்ட் கேமரா முன்னாலேயே படம் வரைவார். பாவம், 1963 ஜூனில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

*கயல்விழி, 8:35*
அரங்கத்தில் எதையும் மறைக்கவில்லை. கேமராவும் விளக்குக் கம்பிகளும் படத்தில் அப்படியே தெரியும். முதல் முறை பார்த்தபோது நம் கூத்து மேடைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

*பெரியப்பா, 8:36*
ஃப்ராஸ்ட் என்றால் 1977-ல் அமெரிக்க முன்னாள் அதிபர் நிக்சனைப் பேட்டி கண்டவரா? அந்தச் செய்திக்கு நான் புரூஃப் பார்த்திருக்கிறேன்.

*கயல்விழி, 8:36*
அவரேதான், பெரியப்பா!

*மீனா சித்தி, 8:38*
அவர்கள் பெரிய நாட்டில் பெரிய தொலைக்காட்சி. இவன் கல்லூரிப் பையன். அவர்களுக்கு என்ன பயம்?

*கயல்விழி, 8:45*
பயம் இருந்தது, சித்தி. அன்றைய பிபிசியில் ஆளும் அமைச்சரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வது யாரும் நினைத்துப் பார்க்காத காரியம். தலைமை இயக்குநர் ஹியூ கார்ல்டன் கிரீன் பின்னால் நின்றார். இன்னொன்றும் உண்டு. இதை அவர்கள் கேளிக்கைப் பிரிவில் வைக்கவில்லை, நடப்புச் செய்திப் பிரிவில் வைத்தார்கள். அதனால் செய்தியின் ஒழுங்கும் இதற்குள் வந்தது. என் ஆய்வுக்கு முதல் அத்தியாயமே இதுதான்.

தம்பி, உனக்காகச் சொல்ல நினைத்தது இது. பிரிட்டிஷ் மக்களவையில் வருஷக்கணக்காக வாயே திறக்காத உறுப்பினர்களை ஒரு வாரம் பெயர் பெயராகச் சொன்னார்கள். அவை நடவடிக்கைப் பதிவு அச்சாகி எல்லோர் கைக்கும் கிடைக்கிற ஒன்றுதான். யார் பேசினார், யார் பேசவில்லை என்று அதில் யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். இவர்கள் எண்ணினார்கள். அவையின் உரிமையை மீறிவிட்டார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது. சொன்னது பொய் என்று சொல்லத்தான் வழியில்லை. உன் மூன்று பத்தி நோட்டும் அதே வேலைதான்.

*செழியன், 8:47*
அக்கா, நோட்டை யாரும் பார்க்கவே இல்லை. தொனி சரியில்லை என்றுதான் சொன்னார்கள்.

*கயல்விழி, 8:49*
கணக்கை மறுக்க முடியாதபோது தொனியைத்தான் பேசுவார்கள்.

*வசந்தா அத்தை, 8:50*
ராத்திரி அந்த நேரத்தில் யார் பார்த்தார்கள்?

*கயல்விழி, 8:52*
உச்சத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல், அத்தை. சனிக்கிழமை இரவு மதுக்கடையிலிருந்து சீக்கிரம் வீடு திரும்பினார்களாம். முடியும் நேரமும் கறாராகக் கிடையாது, சில நாள் நீண்டுகொண்டே போகும். அதை அடக்க இரண்டாவது தொடரில் பின்னாலேயே ஒரு பழைய மர்மத் தொடரின் மறுஒளிபரப்பைச் செருகினார்கள். ஃப்ராஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? தன் நிகழ்ச்சியின் கடைசியில் அந்த மர்மக் கதை முழுவதையும் முடிவோடு சொல்லிவிடுவார். சில வாரத்தில் மறுஒளிபரப்பையே எடுத்துவிட்டார்கள்.

*செழியன், 8:53*
😂😂 இது பிரமாதம்

*மீனா சித்தி, 8:56*
சரி கயல், நானும் ஒன்று கேட்கிறேன். எல்லாரையும் கேலி செய்கிறவர்களுக்கு மனதில் மரியாதை என்று ஏதாவது இருக்குமா? எதைப் பார்த்தாலும் சிரிப்பு என்றே பழகிவிடாதா? என் பையனைப் பற்றி எனக்கு இருக்கிற கவலை அதுதான். பேருந்து அல்ல.

*கயல்விழி, 9:09*
நல்ல கேள்வி, சித்தி. எனக்கும் இந்தக் கவலை இருந்தது. மதங்களை எல்லாம் கடைச் சரக்குபோல ஒப்பிட்டு எதை வாங்கலாம் என்று ஒரு வாரம் ஆலோசனை சொன்னார்கள். பலர் மனம் புண்பட்டது. அதைப் பார்த்தபோது எனக்கும் உவப்பாக இல்லை.

ஆனால் 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. டாலஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டுவிட்டார்கள். லண்டனுக்குச் செய்தி எட்டியபோது முன்னிரவு. மறுநாள் சனிக்கிழமை இவர்களுடைய முறை. தயாரித்திருந்த அத்தனையையும் தூக்கி வைத்துவிட்டார்கள். ஒரே நாளில் புதிதாக எழுதி, சுமார் இருபது நிமிஷம், ஒரு கேலிகூட இல்லாமல் அஞ்சலி செலுத்தினார்கள். வாராவாரம் துள்ளலோடு பாடுகிற மில்லிசென்ட் மார்ட்டின் அன்று கென்னடிக்காகவே எழுதிய பாடலைப் பாடினார். பதிவை நேற்றும் பார்த்தேன். சிரித்துப் பழகிய முகம் அது. அன்று அதில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவின் என்பிசி அதை வாங்கி அங்கேயும் ஒளிபரப்பியது. ஒரு நாடு துக்கத்தில் இருக்கும்போது வேற்று நாட்டுக் கேலி நிகழ்ச்சியைத் தேடிப் போட்டார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள், சித்தி.

மரியாதை இல்லாதவர்களால் அதை ஒரே நாளில் செய்திருக்க முடியாது.

*பெரியப்பா, 9:17*
அந்தச் சனிக்கிழமை எனக்கும் நினைவிருக்கிறது. ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சுடப்பட்டபோது நமக்கு நள்ளிரவு. ஆகவே காலையில்தான் தெரியும். கடைத்தெருவில் பால் வாங்கப் போனேன். டீக்கடை வானொலியைச் சுற்றிக் கூட்டம். ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் குவளையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கென்னடி யார் என்று அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? ஆனாலும் நின்றார். நம் ஊரில் தொலைக்காட்சிப் பெட்டி என்ற ஒன்று கிடையாது. சென்னைக்கே 1975-ல்தான் வந்தது. அதே நாள் இரவு லண்டனில் அந்தப் பெண் பாடியது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது, கயல்.

*வசந்தா அத்தை, 9:18*
🙏

*செழியன், 9:20*
அப்படிப்பட்ட நிகழ்ச்சியை ஏன் நிறுத்தினார்கள், அக்கா?

*கயல்விழி, 9:27*
1964 தேர்தல் ஆண்டு. பொது நிறுவனம் எந்தப் பக்கமும் சாயக்கூடாது, ஆகவே வேண்டாம் என்றது பிபிசி. 1963 டிசம்பர் 28 கடைசி. கோடை இடைவெளி போக ஒரு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. அந்த இடைவெளியும் எப்போது தெரியுமா? போர் அமைச்சர் ப்ரொஃபூமோ, அவையில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு பதவி விலகிய 1963 ஜூனில் இவர்கள் திரையில் இல்லை.

அக்டோபரில் அலெக் டக்ளஸ்-ஹோம் பிரதமரானபோது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதமர் டிஸ்ரேலியின் வேடத்தில் ஃப்ராஸ்ட் அவரை விளாசினார். புகார் நூற்றுக்கணக்கில் குவிந்தது. அதன் பிறகு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தேர்தல் வருகிறபோதுதான் வாக்காளனுக்கு இப்படி ஒரு நிகழ்ச்சி அதிகம் தேவை. அந்த நேரம் பார்த்து விளக்கை அணைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

*பெரியப்பா, 9:31*
நான் முழுக்க ஒப்பமாட்டேன், அம்மா. மக்கள் கட்டிய பணத்தில் நடக்கிற நிறுவனம் தேர்தலில் தராசு முள்ளாக நிற்க நினைத்தால் அது குற்றமல்ல. ஆனால் அதற்குத் தேர்தல் வாரங்களில் ஓய்வு கொடுத்தால் போதுமே. அடியோடு மூடியது அதிகம்.

*கயல்விழி, 9:32*
அதே கேள்வியைத்தான் என் பேராசிரியரும் கேட்டார். இந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன், பெரியப்பா.

*பெரியப்பா, 9:36*
செழியா, மேடை போனால் போகட்டும். கணக்கு உன்னிடம் இருக்கிறது. அதைச் சிரிப்பு இல்லாமல் ஒரு பக்கத்தில் எழுதி, நோட்டின் நகலை இணைத்துப் பொறுப்பில் இருப்பவரிடம் நேரில் கொடு. கேலி எழுதியவன்தான் இதையும் எழுதினான் என்று அவருக்குத் தெரியட்டும். பேருந்து சரியான பிறகு ‘வாரச் சுற்று’ மறுபடி வேண்டும் என்று கேள். வரைவை எனக்கு அனுப்பு, நான் பிழை பார்த்துத் தருகிறேன்.

*செழியன், 9:38*
நாளைக்கே அனுப்புகிறேன், பெரியப்பா. இன்னும் ஒரு வாரக் கணக்கு சேர்த்துக்கொள்ளட்டுமா? திங்கட்கிழமை 7:20-க்கு நிறுத்தத்தில் இருப்பேன்.

*பெரியப்பா, 9:39*
சேர். வராத நாளை மட்டும் எழுதாதே. நேரத்துக்கு வந்த நாளையும் எழுது.

*மீனா சித்தி, 9:44*
அந்த நோட்டு சட்டைப் பையில் இருந்தது. துவைக்கப் போடும்போது எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஓரம் கொஞ்சம் நனைந்துவிட்டது, எழுத்து அழியவில்லை. திங்கட்கிழமை குடை எடுத்துக்கொண்டு போ.