மறு: சிந்தடிக் ஆயிலுக்குத் தமிழ்ச்சொல் – ‘செயற்கை எண்ணெய்’ வேண்டாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்று வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே மறுமொழி எழுதுகிறேன். மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கான கையேட்டில் எண்ணெய் பற்றிய பகுதி, எஞ்சினில் ஊற்றும் சிந்தடிக் ஆயில், மினரல் ஆயில் இரண்டுக்குமான தமிழ்ச்சொற்களுக்காகத்தான் காத்திருக்கிறது.

> செயற்கை எண்ணெய், கனிம எண்ணெய் என்று போட்டுவிடலாமே. இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவைதாமே?

இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. நம் பள்ளிப் பாடநூல்களில் கரிம வேதியியல் ஒன்று, கனிம வேதியியல் ஒன்று. கனிமம் என்றதும் மாணவனுக்கு உப்பும் அமிலமும் உலோகமும்தான் நினைவுக்கு வரும். மினரல் ஆயிலோ முழுக்க முழுக்க ஹைட்ரோகார்பன், அதாவது கரிமச் சேர்மம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்ததை நம் கையேடே மறுப்பதுபோல் ஆகிவிடும்.

‘செயற்கை’யில் வேறு சிக்கல். செயற்கை நிறம், செயற்கை உரம் என்று கேட்டுக் கேட்டு, அசலுக்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. இங்கே நிலைமை நேர்மாறு. விலை கூடிய எண்ணெய்க்கு மட்டமான பெயரை வைத்துவிட்டு, ‘இதுதான் எஞ்சினுக்கு நல்லது’ என்று வகுப்பில் எப்படிச் சொல்வது?

ஆகவே இரண்டு எண்ணெய்களும் உருவாகும் விதத்திலிருந்தே பெயரை எடுக்கலாம் என்பது என் முன்மொழிவு. மினரல் ஆயில் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. நம் மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இதற்கான அடிப்படை எண்ணெய் எடுக்கிறார்கள். வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, மெழுகை நீக்கி, கந்தகத்தைக் குறைத்து எடுப்பது அது. ஆற்று மணலைச் சலிப்பதற்கு ஒப்பான வேலை: எவ்வளவு சலித்தாலும் கிடைப்பது ஏறக்குறைய ஓர் அளவுள்ள மணல்தான், எல்லாத் துகளும் ஒன்றுபோல் இருக்காது. சங்கிலி வடிவம், வளைய வடிவம், கிளைத்தவை, மெழுகாக உறையக்கூடியவை எல்லாம் அதில் கலந்தே இருக்கும்.

சிந்தடிக் ஆயிலில் முதன்மையானது பிஏஓ எனப்படும் பாலிஆல்ஃபாஓலிஃபின். எத்திலீன் வாயுவிலிருந்து பத்துக் கார்பன் கொண்ட டெசீனை உண்டாக்கி, அதை மும்மூன்றாக, நான்கு நான்காக இணைத்து, மீதமுள்ள இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜன் ஏற்றி நிறைவு செய்கிறார்கள். தேவையான மூலக்கூறை மட்டும் கட்டி எடுக்கும் முறை இது. வேதியியலில் இப்படிக் கட்டுவதற்குத் ‘தொகுத்தல்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எனவே சிந்தடிக் ஆயில் தொகுப்பு உயவெண்ணெய், மினரல் ஆயில் வடிப்பு உயவெண்ணெய் (உயவு என்றால் உராய்வைக் குறைப்பது). பேச்சில் தொகுப்பெண்ணெய், வடிப்பெண்ணெய் என்று சுருங்கிவிடும். ‘தொகுப்பு ஆயில்’ என்று மாணவர்கள் சொன்னாலும் எனக்கு மகிழ்ச்சியே.

> எங்கட பக்கம் மசகு எண்ணெய் எண்டால் குரூட் ஒயில். ‘மசகு எண்ணெய் விலை ஏறிட்டுது’ எண்டு பேப்பரில வந்தால் ஒருத்தரும் எஞ்சின் ஒயிலை நினைக்கமாட்டினம்.

நல்ல நேரத்தில் சொன்னீர்கள், அண்ணை. எங்கள் ஊரில் குரூட் ஒயிலைக் கச்சா எண்ணெய் என்போம். மசகு என்றால் உராய்வைக் குறைக்க இடுவது. ஒரே சொல்லுக்கு இரு கரையிலும் இரு பொருள் இருக்கும்போது அதைக் கலைச்சொல்லாக்கக் கூடாது. எட்டாம் வகுப்பு அறிவியலிலேயே உராய்வுப் பாடத்தில் ‘உயவுப்பொருள்’ வந்துவிடுவதால், ‘மசகு’வைக் கைவிட்டு ‘உயவு’ என்று முடிவு செய்கிறேன். நீங்கள் முன்மொழிந்த ‘உராய்வு நீக்கி’யும் பொருள் பொருந்தியதுதான், ஆனால் முன்னால் ஓர் அடைமொழி சேர்ந்தால் நீண்டுவிடும்.

> பெயர் இருக்கட்டும் தம்பி. வண்டிக்காரருக்கு இதனால் என்ன லாபம்? அதை முதலில் சொல்லுங்கள்.

சொல்கிறேன் ஐயா. இந்த லாபம் அத்தனையும் ‘தொகுப்பு’ என்ற சொல்லுக்குள் அடங்கியிருப்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மூலக்கூறுகள் ஒரே சீராக இருந்தால், சூடு ஏறும்போது எண்ணெய் இளகும் வேகம் குறைகிறது. இதை அளப்பதுதான் பாகுநிலைக் குறியெண் (விஸ்காசிட்டி இண்டெக்ஸ்); எண் கூடினால் இளகல் குறைவு. ஏபிஐ எனும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அடிப்படை எண்ணெய்களை எண்ணிட்ட பிரிவுகளாக வகுத்திருக்கிறது; அதன்படி முதல் இரண்டு பிரிவு வடிப்பெண்ணெய்களில் அது 80க்கும் 120க்கும் இடையே இருக்கும். எஞ்சினுக்குப் பயன்படும் பிஏஓவில் பொதுவாக 120ஐத் தாண்டிவிடும். மெழுகே இல்லாததால் கடுங்குளிரிலும் உறையாமல் ஓடும். டப்பாவில் 0டபிள்யூ என்று குளிர்காலத் தரம் குறித்த எண்ணெயை மைனஸ் 35 பாகையில் சோதிக்கிறார்கள். லடாக்கில் ஓடும் வண்டிக்கு இது உயிர்நாடி. சென்னைக்குத் தேவையா என்று கேட்பீர்கள். நம் வெயிலில் முக்கியமானது மறுமுனை.

எண்ணெயில் உள்ள லேசான மூலக்கூறுகள் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். அப்போது அளவும் குறையும், மிஞ்சியதும் கெட்டிப்படும். இந்த ஆவியிழப்பை நோவாக் சோதனையில் 250 பாகையில் ஒரு மணி நேரம் வைத்து அளப்பார்கள். ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏவின் தரங்களில் 13 விழுக்காடு என்பது பரவலான வரம்பு. தொகுப்பெண்ணெயில் லேசான மூலக்கூறுகளே அருகித்தான் இருக்கும் என்பதால் அந்த வரம்புக்குள் எளிதில் நிற்கும். ஆக்சிஜனேற்றமும் மெதுவாக நடப்பதால் கசடு சேர்வது தள்ளிப்போகிறது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) உள்ள வண்டி ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்: நெடுஞ்சாலையில் விரட்டி வந்து சட்டென்று எஞ்சினை நிறுத்தினால், டர்போவின் தாங்கியில் (பேரிங்) தேங்கிய எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாகப் படியும். அதைத் தாங்குவதில் தொகுப்பெண்ணெய்க்கு நிகர் இல்லை. ஜெட் விமான எஞ்சின்களில் வடிப்பெண்ணெய் தாக்குப்பிடிக்காமல், தொகுப்பெண்ணெயில் இன்னொரு வகையான எசுத்தர் எண்ணெய்க்கு மாறியதும் இந்தச் சூட்டினால்தான்.

எல்லா வண்டிக்கும் இதையே ஊற்று என்று கையேடு சொல்லாது. டர்போ இல்லாத எளிய எஞ்சின், நிறுவனக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்குத் தவறாமல் எண்ணெய் மாற்றுபவர் என்றால் வடிப்பெண்ணெயே போதும். விலை இரண்டு மூன்று மடங்கு ஆகும்போது இதை மறைப்பது நியாயமில்லை. தொகுப்பெண்ணெய் ஊற்றிவிட்டு மாற்றும் காலத்தை இஷ்டத்துக்கு நீட்டுவதும் கூடாது. எரிபொருளின் கரியும் ஈரமும் எந்த எண்ணெயிலும் சேரும், எண்ணெயில் கலந்த சேர்மானங்களும் (அடிட்டிவ்) தீரும்.

பைக் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை வைக்கிறேன். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் ஊறுகின்றன. உராய்வு குறைப்பான் சேர்ந்த கார் எண்ணெய், அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கிளட்சை வழுக்கவைத்துவிடும். டப்பாவில் ஜாசோ எனும் ஜப்பானிய வாகனத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொகுப்பா வடிப்பா என்பது அதற்குப் பிறகு.

> மூன்றாம் தொகுதி எண்ணெயை எங்கே வைப்பீர்கள்? கடையில் அதுவும் ஃபுல்லி சிந்தடிக் என்றுதானே விற்கிறது?

இந்த இழையிலேயே கடினமான கேள்வி இது. (ஏபிஐ ‘குரூப்’பைத் தொகுதி என்றால் தொகுப்போடு மோதும்; ‘பிரிவு’ என்போம்.) மூன்றாம் பிரிவு கச்சா எண்ணெய் வழி வந்ததுதான். ஆனால் ஹைட்ரஜன் அழுத்தத்தில் மூலக்கூறுகளை உடைத்து மறுசீரமைக்கிறார்கள். இதைச் சிந்தடிக் என்று விற்கலாமா என்று மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் மீது முறையிட்டது. விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமெரிக்கத் தேசிய விளம்பரப் பிரிவு 1999இல் காஸ்ட்ராலுக்குச் சார்பாக முடிவு சொன்னது. ஜெர்மனியிலோ ‘முழுத்தொகுப்பு’ என்ற பெயரை பிஏஓ, எசுத்தர் எண்ணெய்களுக்கே ஒதுக்கும் வழக்கம் நிலைத்தது.

நாம் விற்பனைச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. அதே வேளையில் ஏபிஐ எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டாலும் பிழை வரும். கத்தாரின் பேர்ல் ஆலையில் இயற்கை வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் பிரித்து, மறுபடி நீண்ட சங்கிலிகளாகக் கட்டி, அதிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். கட்டியெடுத்தது என்பதில் ஐயமே இல்லை, ஆனால் ஏபிஐ கணக்கில் அதுவும் மூன்றாம் பிரிவுதான். எனவே சிறு மூலக்கூறுகளிலிருந்து கட்டியிருந்தால் தொகுப்பு. கச்சா எண்ணெயின் மூலக்கூறை உடைத்துத் திருத்தியிருந்தால் திருத்த வடிப்பு உயவெண்ணெய். இப்படி எழுதினால் மாணவன் டப்பாவில் உள்ள சொல்லைத் தாண்டி, உள்ளே இருப்பது எது என்று கேட்கக் கற்றுக்கொள்வான். செமி சிந்தடிக்குக்குக் கலப்பு உயவெண்ணெய். ‘பாதித்தொகுப்பு’ என்ற பரிந்துரையை விட்டுவிடலாம், சரிபாதி கலந்திருக்கிறார்கள் என்ற தவறான எண்ணத்தை அது தரும்.

விஸ்காசிட்டிக்கு நாங்கள் பாகுநிலை என்கிறோம், ஈழத்தில் பிசுக்குமை. கையேட்டில் இரண்டையும் சாய்கோடிட்டுப் போடட்டுமா, அல்லது ஒன்றை எடுத்து மற்றதைச் சொற்பட்டியலில் தரட்டுமா? அண்ணை, இதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்