கறுப்பினச் சினிமா: இந்தப் படத்தைச் சேர்க்கலாமா?

அடுத்த மாதம் எங்கள் திரைப்படச் சங்கத்தில் அமெரிக்கக் கறுப்பினச் சினிமா வரிசையாக ஐந்து படங்கள் திரையிடுகிறோம். நான்கு முடிவாகிவிட்டன. ஐந்தாவதில் பத்து நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

படம், 1964-இல் வந்த 'நத்திங் பட் எ மேன்'. அலபாமாவில் ரயில் பாதை வேலை செய்யும் கறுப்பின இளைஞனின் வாழ்க்கை. ஐவன் டிக்சன், ஏபி லிங்கன் நடிப்பு அவ்வளவு உண்மை. ஆனால் இயக்குநர் மைக்கேல் ரோமர் பெர்லினில் பிறந்த யூதர்.

முதலில், இயக்குநர் கறுப்பினத்தவரா என்பதை அளவுகோலாக வைத்தேன். கறுப்பின இயக்குநர்களான ஆஸ்கர் மிஷோ, ஜூலி டாஷ் படங்கள் சுலபமாக உள்ளே வந்தன, இது வெளியே போனது. சரி என்று நடிகர்களை வைத்துப் பார்த்தால், 1943-இல் வெள்ளையர்களின் பெரிய ஸ்டுடியோ ஒன்று எடுத்த 'ஸ்டார்மி வெதர்' கூட உள்ளே வந்துவிடுகிறது. அப்புறம், கறுப்பினப் பார்வையாளர்களைப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தேன். அதில் கறுப்பின இயக்குநர் சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' அடிபடுகிறது. எழுபதுகளில் எடுத்த அந்தப் படம், பாடல் உரிமைச் சிக்கலால் 2007-இல்தான் முறையாகத் திரையரங்குக்கு வந்தது. அதை விட்டுவிட எனக்கு மனமே இல்லை.

பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நீங்களாக இருந்தால் ரோமரின் படத்தைச் சேர்ப்பீர்களா, எந்த அளவுகோலை வைத்து?